அம்மாவுக்கு வந்தது வெறும் தடிமன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன டிசம்பரில் கனடாவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் பத்து நாள் நின்றான். அவனுடைய சின்ன மகனுக்கு மூக்கால் ஓடிக்கொண்டே இருந்தது, 78 வயது அம்மா பேரனை மடியை விட்டு இறக்கவேயில்லை. அவர்கள் போன மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சாப்பாடு மனமில்லை. காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை, ஒரே படுக்கை. பின்னேரம் என்னைப் பார்த்து, "தம்பி பள்ளிக்கூடத்தால வந்திட்டானோ?" என்று கேட்டார். தம்பி போன கவலையில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். பாமசியில் சொன்னேன், தடிமன்தான் என்று அன்டிபயோட்டிக் குளிசை தந்தார்கள். இரண்டு நாள் கழித்து இரவில் மூச்சு எடுக்க முடியாமல் முட்டத் தொடங்கியதும்தான் வைத்தியசாலைக்கு ஓடினோம். இன்ஃபுளுவென்சா, அதற்கு மேல் நியூமோனியா. பதினொரு நாள் வாட்டில்.

வயது போனவர்களுக்குக் காய்ச்சலே காட்டாமல் இது வரலாம் என்று அங்கேதான் டொக்டர் சொன்னார். பசியின்மை, திடீரென்று வரும் தடுமாற்றம், காரணமில்லாமல் விழுவது, சில பேருக்கு இவ்வளவும்தான் அறிகுறியாம். வைரசுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. இன்ஃபுளுவென்சாவுக்கென்று இருக்கிற ஒசெல்டமிவிர் மருந்தோ வருத்தம் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். அந்த 48 மணி நேரத்தை நான் பாமசிக் குளிசையோடு தொலைத்துவிட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை.

இது நுரையீரலோடு நிற்கிற வருத்தமும் இல்லை. இன்ஃபுளுவென்சா உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து ஆறு மடங்கு கூடுகிறது என்று 2018இல் கனடாவில் செய்த ஆய்வொன்று சொன்னது. எங்கள் வீடுகளில் பிரஷர், சீனி, இதய வருத்தம் இல்லாத வயதானவர் எத்தனை பேர்? "ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார்" என்று நாங்கள் சொல்கிற சாவுகளில் எத்தனை ஒரு தடிமனில் தொடங்கியதோ. இன்ஃபுளுவென்சாவால் வரும் சுவாச நோயில் மட்டும் உலகம் முழுக்க வருடத்துக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை சாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதைவிட, குழந்தைகளின் வருத்தம் என்று நாங்கள் நினைக்கும், மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரசும் முதியவர்களைப் படுக்கையில் போடுகிறது. அமெரிக்காவில் 2023இல்தான் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதற்கு முதல் தடுப்பூசி வந்தது. கொரோனா இந்த நாட்டில் 16,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போனதே, அதில் பெரும்பகுதி 60 தாண்டியவர்கள்தானே.

ஆனால் சாவுக் கணக்கில் வராத ஒன்றைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். அம்மா உயிரோடு வீடு வந்தார். டிசம்பர் வரைக்கும் தனியாகச் சந்தைக்குப் போய் மீன்காரனோடு விலை பேசி வாங்கி வந்தவர், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யாரையும் துணைக்குக் கூப்பிடாதவர். பதினொரு நாள் படுக்கையில் கால் சதையெல்லாம் கரைந்து, இப்போது சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் குளியலறைக்குப் போகிறார். மூன்று மாடிப் படி இறங்க முடியாததால் கோயில் நின்றுவிட்டது. அவரைப் பார்க்க நான் வேலையை அரை நாளாக்கிக் கொண்டேன். வைத்தியசாலைக் கொப்பியில் "குணமாகி வீடு சென்றார்" என்று இருக்கும்.

தடுப்பூசி போட்டாலும் இன்ஃபுளுவென்சா வரலாம், ஆனால் இந்த அளவுக்குக் கொண்டு போகும் வாய்ப்புக் குறைகிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். நாங்கள் விசாரித்தபோது தனியார் வைத்தியசாலையில் காசு கட்டித்தான் போடலாம் என்றார்கள். பென்ஷனில் மருந்து வாங்குகிற ஒருவர் அதற்கும் எடுத்து வைப்பாரா? முதியவர்களில் 75 வீதம் பேருக்கு 2010க்குள் இந்த ஊசி போட வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2003இலேயே இலக்கு வைத்தது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இங்கே 12.4 வீதம் பேர் 60 தாண்டியவர்கள், இப்போது இன்னும் கூட.

புதிதாக எதுவும் கட்டத் தேவையில்லை. பிரஷருக்கும் சீனிக்கும் மாதாமாதம் கொப்பியோடு விடியக்காலையிலேயே அரசாங்க கிளினிக் வரிசையில் வந்து இருக்கிறார்கள்தானே, அங்கேயே போடுங்கள், இலவசமாக. வருடக் கடைசியில் இங்கே இன்ஃபுளுவென்சா கூடுகிற காலம், வெளிநாட்டுச் சொந்தங்கள் வருகிற காலமும் அதுதான். அதனால் ஒக்டோபருக்குள் போட வேண்டும். ஊசி வரும்வரைக்கும், மூக்கு ஓடுகிற பிள்ளையைச் சுகமான பிறகு தாத்தா பாட்டியிடம் கூட்டிப் போங்கள், கோபிக்க மாட்டார்கள். அம்மா அடுத்த டிசம்பருக்கும் பேரன் வருவானா என்று இப்போதே கேட்கிறார்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6