ஒன்றரை மாத ஊசி நாளில் மூச்சையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் கைக்குழந்தை வேகமாக மூச்சு விட்டாலே 'நெஞ்சுச் சளி' என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சில குழந்தைகளுக்குக் கோளாறு இதயத்தில் இருக்கிறது. நெபுலைசர், ஆன்டிபயாடிக் சிரப் என்று மாதங்கள் ஓடிய பிறகே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறார்கள்.

'பிறந்தபோது பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்றாரே' என்று பெற்றோர் கேட்பார்கள். அன்று அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கருவில் நுரையீரலுக்குள் இருப்பது காற்றல்ல, நீர். அதன் ரத்தக்குழாய்களும் இறுகியிருக்கும். பிறந்ததும் அவை ஓரளவு விரிகின்றன; மீதி தளரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் அதிகம் பாயாது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். குழாய்கள் தளரத் தளர, உடம்புக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக மறுபடி நுரையீரலுக்கே போகிறது. நுரையீரல் கனத்து, குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. சளி பிடித்தால் லேசில் விடாது.

இது பெரும்பாலும் வெளியே தெரிய ஆரம்பிப்பது நான்கு முதல் எட்டு வாரத்துக்குள். ஆறாவது வாரத்தில்தான் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி) முதல் தவணைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஊசி போடும் ஒவ்வொரு இடத்திலும் அன்று மூச்சை எண்ணியே ஆகவேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

ஊசிக்கு முன்பே எண்ண வேண்டும். அழுத குழந்தையின் கணக்கு உதவாது. சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். பச்சிளங்குழந்தை நடுநடுவே சில விநாடி மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். இரண்டு மாதம் வரை 60, பிறகு ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40: இந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சு. 60 வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ, நாக்கு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

அடுத்து, தாயிடம் பால் குடிப்பதைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு நிமிடம் சப்பி, களைத்து விட்டுவிட்டு, மறுபடி தேடுகிறதா? குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? ஒரு முறை குடிக்க அரை மணிக்கு மேல் ஆகிறதா? எடை நாளுக்கு 20 கிராம்கூட ஏறவில்லையா? இதையெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் 'தாய்க்குப் பால் பத்தவில்லை' என்று எடுத்துக்கொண்டு புட்டிப்பாலுக்குப் போய்விடுகிறார்கள். பால் இருக்கிறது, குடிக்கத்தான் குழந்தைக்குத் தெம்பில்லை. (மூக்கில் எண்ணெய் விடுவதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் எந்தக் குழந்தைக்குமே ஆகாது, எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தனியாக ஒரு நிமோனியாவை உண்டாக்கும்.)

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 97 வந்தால் நிம்மதியடைந்துவிட வேண்டாம். இந்த வகை ஓட்டையில் ஆக்சிஜன் குறைவதில்லை. கருவி நல்ல எண்ணையே காட்டும். எக்கோதான் முடிவு சொல்லும்.

சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெரியதை விட்டுவைத்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகி, ஒரு கட்டத்துக்கு மேல் அறுவை சிகிச்சையே செய்ய முடியாத நிலை வரும். அதனால்தான் ஒரு வயதைத் தாண்ட விடாதீர்கள் என்கிறோம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இந்தக் குழந்தைகளை மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சைக்கும் இடமுண்டு. தடுப்பூசி அட்டையில் எடைக்குப் பக்கத்தில் மூச்சு எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் அச்சிட்டுத் தர சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்