விடியற்காலையில் வாய் திறக்கும் மீன்கள்

அன்பு மகனுக்கு,

காலையில் தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, பசி போலிருக்கிறது என்று போனில் சொன்னாய். பசியில்லை தம்பி, மூச்சுமுட்டல். பசியென்று நினைத்துத் தீனி போட்டால் இன்னும் மோசமாகும். மிஞ்சிய தீனி அழுகும்போது அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை எழுதுகிறேன். கடைக்காரர் காட்டிய விலை கூடிய ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

ஒன்றை முதலில் புரிந்துகொள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரை. ஒரு லிட்டர் காற்றிலோ 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தொட்டிக்கு மேலேயே வேண்டிய மட்டும் கிடக்கிறது, உள்ளே இறங்க வழிதான் இல்லை. அந்த வழி தண்ணீரின் மேல்பரப்பு. ஏர் ஸ்டோனிலிருந்து (ஏர் பம்ப் டியூபின் நுனியில் மாட்டும் துளைக்கல்) வரும் குமிழி தண்ணீருக்குள் இருப்பது ஒன்றிரண்டு விநாடி, அதிலிருந்து கரைவது சொற்பம். அடித்தண்ணீரை மேலே தூக்கி வந்து மேல்பரப்பைக் குலுக்குவதுதான் அதன் உண்மையான வேலை.

எனவே காசு செலவில்லாததை இன்றைக்கே செய். உன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பியிருக்கிறாய். 5 செ.மீ. இறக்கிவிட்டாலும் 45 லிட்டர் இருக்கும். உள்ளே மோட்டாரில் ஓடும் சின்ன பவர் ஃபில்டரின் தண்ணீர் தள்ளும் வாய் அப்போது தண்ணீர் மட்டத்தை ஒட்டி நிற்கும். அந்த வாயை லேசாக மேல்நோக்கித் திருப்பு. மேல்பரப்பு முழுக்க நெளிய வேண்டும், ஒரு மூலை மட்டும் ஆடினால் போதாது. கண்ணாடி மூடியை இரண்டு விரல் திறந்து வை, மீன் குதிக்கும் என்று பயமிருந்தால் கொசுவலைத் துண்டைக் கட்டு. தண்ணீர்மேல் எண்ணெய் போல ஏடு படிந்திருக்கிறதா பார். அது காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் விரித்த பாலித்தீன் மாதிரி. மை இல்லாத டிஷ்யூ பேப்பரை மேலே பரப்பி ஒரு பக்கமாக இழுத்து எடு, இரண்டு தடவையில் போய்விடும்.

அடுத்தது ஏர் பம்ப். ஒற்றை வாய் பம்ப் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் முடியும். 3 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல்தான். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ராத்திரி அணைத்துவிடாதே, ராத்திரிதான் அது ஓட வேண்டிய நேரம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வை. கீழே வைத்தால் கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கி பம்புக்குள்ளும் பிளக்குக்கும் போகும். மேலே வைக்க இடமில்லையென்றால் டியூபின் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் போடு, அது ஒரே திசையில்தான் விடும். எந்தப் பக்கம் என்று குழம்பினால் வாயால் ஊதிப் பார், எந்தப் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போகிறதோ அந்தப் பக்கத்தை பம்போடு இணை. தலைகீழாக மாட்டிவிட்டு பம்ப் கெட்டது என்று திருப்பிக் கொண்டு போகிறவர்கள் நிறைய.

சில மாதத்தில் குமிழி குறைந்தால் பம்பை உடனே குறை சொல்லாதே. முதலில் ஏர் ஸ்டோனைக் கழற்றிவிட்டு வெறும் டியூபை விட்டுப் பார். காற்று தாராளமாக வந்தால் ஸ்டோன்தான் உப்பும் பாசியும் அடைத்திருக்கிறது. தேய்த்துக் கழுவி, வினிகரில் ஊறவைத்து, நன்றாக அலசிப் போடு, இல்லாவிட்டால் பத்து இருபது ரூபாய்க்குப் புதிது. அடைத்த ஸ்டோனோடு விட்டால் காற்று வெளியேற வழியின்றி பம்புக்குள் இருக்கும் ரப்பர் கிழியும். பம்பின் அடியில் இருக்கும் பஞ்சில் தூசி அடைந்தாலும் குமிழி குறையும்.

ஏர் ஸ்டோனைவிட ஸ்பான்ஞ் ஃபில்டர் நல்லது. அதே காற்று தண்ணீரை ஸ்பான்ஞ் வழியாக இழுப்பதால் தண்ணீரும் சுத்தமாகும். வீட்டிலேயே செய்யலாம். அரை அங்குல பிவிசி பைப் 20 செ.மீ. எடு. கீழ்ப்பாதியில் சூடான ஆணியால் பத்துப் பன்னிரண்டு துளை போடு (ஜன்னலோரம் உட்கார்ந்து செய், அந்தப் புகை ஆகாது). அடியை எண்ட் கேப்பால் மூடு. உள்ளங்கையளவு சொரசொரப்பான ஃபில்டர் ஸ்பான்ஞ்சின் நடுவில் ஓட்டை போட்டு, துளைகள் மறைகிற மாதிரி பைப்பை நுழை. ஏர் டியூபை மேலிருந்து பைப்புக்குள் அடிவரை இறக்கு, 2 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். காற்று எவ்வளவு ஆழத்தில் நுழைகிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீரைத் தூக்கும். மிதக்காமல் இருக்க அடியில் ஒரு டைல்ஸ் துண்டைக் கட்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஞ்சை மட்டும் தொடாதே, சிலவற்றில் கிருமிநாசினி ஏற்றியிருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து கழுவு. குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின், ஸ்பான்ஞ்சில் குடியிருந்து மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கரண்ட் போனால் தீனியை நிறுத்து. மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷம், தொட்டித் தண்ணீரையே மக்கில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்று. அடிக்கடி போகிற ஏரியா என்றால் பவர் பேங்கில் ஓடும் யூஎஸ்பி பம்ப் ஒன்று வாங்கி வை. பல மணி நேரம் நின்றுபோன பவர் ஃபில்டரை மோந்து பார்க்காமல் போடாதே. உள்ளே பாக்டீரியா செத்து நாறியிருந்தால் அந்த அழுக்கு மொத்தமும் தொட்டிக்குள் வரும். கழுவிய பிறகே போடு.

கத்திரி வெயிலில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறையும், அதே நேரம் மீனின் தேவை ஏறும். டேபிள் ஃபேனை மேல்பரப்பில் படும்படி வை, தண்ணீரில் விழ முடியாத தூரத்தில். ஓரிரு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைக் கொட்டாதே, திடீர்க் குளிர்ச்சி மீனுக்கு ஆகாது.

நீ வைத்திருக்கும் செடிகள் வெளிச்சத்தில் ஆக்சிஜன் தரும், இருட்டில் அவையும் எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் தொட்டியில் ஆக்சிஜன் வறண்டு கிடப்பது அதனால்தான். அதோடு இரண்டடித் தொட்டிக்கு ஆறு கோல்ட் ஃபிஷ் அதிகம், இரண்டே தாராளம். நாலைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடு. மனசு வராது, ஆனால் எந்த பம்பும் இதற்கு ஈடாகாது.

இதெல்லாம் செய்தும், மீன்கள் நாள் முழுக்க மேலேயே நின்றால் சிக்கல் பெரும்பாலும் மீன் கழிவிலிருந்து உருவாகும் அமோனியாவோ நைட்ரைட்டோதான். நைட்ரைட் ரத்தத்தைக் கெடுத்துவிடும், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தாலும் மீனால் எடுக்க முடியாது. குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்று. கௌராமி, ஃபைட்டர் மீன்கள் மேலே வந்து காற்று குடிப்பது மட்டும் இயல்பு, அவற்றைப் பற்றிக் கவலைப்படாதே.

நாளைக்கு விடியுமுன் லைட் போடாமல் டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார். கோல்ட் ஃபிஷ் நடுத்தண்ணீரில் நிற்கிறதா, மேலே ஒட்டி நிற்கிறதா என்று சொல். பம்ப் வாங்குவதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஆசிகளுடன்,
அம்மா