அகஸ்டஸின் வயது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் வரும் எங்கள் ரோம வரலாற்றுப் படப்புத்தகத்தைப் பற்றி வாட்ஸாப்பில் சுற்றிவரும் செய்தியைப் பலர் அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். "அகஸ்டஸின் வயதே தப்பு, இவர்களா பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வது?" என்று அதில் இருக்கிறது. அவர் இறந்தபோது வயது 75 என்று புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. அது சரியான வயதுதான்.

கி.மு. 63-இல் பிறந்தவர், கி.பி. 14-இல் இறந்தவர், இரண்டையும் கூட்டினால் 77 என்பது செய்தியை எழுதியவரின் கணக்கு. ஆனால் கி.மு. 1 முடிந்த மறுநாளே கி.பி. 1 தொடங்கிவிடுகிறது. நடுவில் சுழியம் ஆண்டு கிடையாது. எனவே ஒன்று குறையும்: 76. அவர் பிறந்தது செப்டம்பர் 23, இறந்தது ஆகஸ்ட் 19. 76 நிறைய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது, ஆகவே 75. சந்தேகம் இருந்தால் பிள்ளையை விட்டே எண்ணச் சொல்லுங்கள். கி.மு. 2, கி.மு. 1, கி.பி. 1, கி.பி. 2 என நான்கு கட்டம் போட்டால், முதல் கட்டத்துப் பிறந்தநாளிலிருந்து கடைசிக் கட்டத்துப் பிறந்தநாள் வரை மூன்றே ஆண்டுகள். கடைசிப் பக்கத்துக் காலவரிசையை அளவுகோல் மாதிரிக் கோடாகப் போடாமல் கட்டங்களாகப் போட்டிருப்பது இதற்காகத்தான். கோடு போட்டால் பிள்ளைகள் தாமாகவே நடுவில் ஒரு சுழியத்தை வைத்துவிடுகிறார்கள்.

சமையலறைப் படம் 'வெறிச்சென்று' இருக்கிறதாம். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்து போன பிறகுதான் அவை ஐரோப்பாவுக்கு வந்தன. ரோமானியர் வீட்டில் அவற்றை எப்படி வரைவது? நிறம் வேண்டுமே என்று ஓவியரின் கை தன்னாலேயே சிவப்பைத் தேடும். அதனால் பென்சில் கோட்டு நிலையிலேயே ஒவ்வொரு பொருளாகப் பார்க்கிறோம்: ரோமானியரிடம் இல்லாததால் குதிரைச் சேணத்தில் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இருக்கக் கூடாது, மேசையில் காகிதம் இருக்கக் கூடாது, பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளும் மெழுகுப் பலகையும் இருக்கலாம். வண்ணம் தீட்டிய பிறகு கண்ணில் பட்டால் இரண்டு பக்கப் படத்தையும் முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும்.

எழுத்து குறைவு என்றும் ஒரு குறை. பெரியவர் வாசிக்கும்போது பிள்ளையின் கண் படத்தில்தான் இருக்கும். படம் காட்டுவதையே வரியும் திரும்பச் சொன்னால் அந்தக் கண்ணுக்குத் தேட ஒன்றும் மிஞ்சாது. ஒரு வரியைக் குறைப்பதற்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவிடுகிறோம்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 32 பக்கம் என்றால் 16 பக்கப் பாரம் (ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) இரண்டு. ஒவ்வொரு பாரத்துக்கும் இரண்டு புறம், புறத்துக்கு நான்கு வண்ணம், வண்ணத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு), ஆக 16 பிளேட். ஆயிரம் படி அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். தாள் விலையும் அச்சுக்கூலியும் ஏறிவிட்டதால் அடுத்த அச்சில் விலை சற்றுக் கூடும். தையலுக்குப் பதில் நடுவில் பின் அடித்து வரும். உள்ளே படம், தாள், வண்ணம் எதிலும் மாற்றமில்லை.

அட்டை கிழிந்தாலும் ஒட்டி வைத்து அடுத்த பிள்ளைக்கும் அதையே வாசித்துக் காட்டுகிறீர்கள், வகுப்பு நூலகத்துக்கென்று மொத்தமாக வாங்குகிறீர்கள், இந்தச் செய்தி வந்ததும் நம்பிவிடாமல் எங்களிடமே கேட்டீர்கள். உங்களுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். சிறிய பதிப்பகம் ஒன்று வரலாற்றுப் படப்புத்தகம் போட்டுத் தாக்குப்பிடிப்பது உங்களால்தான்.

இனியும் ஐயம் வந்தால் பக்க எண்ணையும், எந்த வரி அல்லது படத்தில் எந்தப் பொருள் என்பதையும் குறித்து அனுப்புங்கள். எழுத்தையெல்லாம் கறுப்பில் மட்டும் அச்சிடுவதால், வரியில் திருத்தம் என்றால் அந்தப் புறத்தின் கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். படத்தில் என்றால் நான்கையும் மாற்ற வேண்டும். அடுத்த அச்சு ஏறுவதற்கு முன்பே தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
பதிப்பகத்தார்