வயோலா, வயலினில் தோற்றவர்களின் கருவி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இசைத்துறை வேலைவாய்ப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘வயலினில் இடம் கிடைக்காதவர்கள் வயோலாவுக்கு மாறிக்கொள்ளலாம், அதில் போட்டி குறைவு’ என்ற ஒரு வரி முள்ளாகத் தைத்துவிட்டது. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில், அதாவது மேற்கத்திய இசையின் பெரிய வாத்தியக் குழுவில், 27 வருடம் வயோலா வாசித்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வரியை நம்பி எந்தப் பிள்ளையும் இந்தத் தொழிலுக்குள் காலெடுத்து வைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வயோலாவும் வயலினைப் போலத் தோளில் வைத்து வில்லால் வாசிக்கும் நாலு தந்திக் கருவிதான். ஆனால் அது கொஞ்சம் பெரிதாகச் செய்த வயலின் அல்ல. வயலினின் உச்சத் தந்தியான ‘ஈ’ இதில் கிடையாது. அதற்குப் பதிலாக அடியில் ‘சி’ தந்தி இருக்கிறது. அவ்வளவு தாழ்ந்த சுரம் முழுசாக ஒலிக்க வேண்டுமென்றால் மரக்கூடு இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். இருந்தால் தோளில் வைத்து வாசிக்க முடியாது. வயலினின் மரக்கூட்டுக்கு 14 அங்குல நீளம் என்று அளவு ஏறக்குறைய நிலைத்துவிட்டது. வயோலாவுக்கு இன்றுவரை அப்படி ஓர் அளவு இல்லை. 15 அங்குலத்திலும் உண்டு, 17 அங்குலத்திலும் உண்டு. அவரவர் கைக்கு எது எட்டுகிறதோ அதுதான்.

நானும் வயலினிலிருந்து வந்தவள்தான். வில்லை வைத்த மாத்திரத்தில் வயலின் பேசும். ‘சி’ தந்தி அப்படிப் பேசாது. வில்லின் பாரத்தை உள்ளே இறக்கி, இம்மி நேரம் முன்னதாகவே இழுக்கத் தொடங்கினால்தான் மற்றவர்களோடு சேர்ந்து ஒலி வந்து விழும். முதல் சில மாதம் தாளத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். என் ஆசிரியர் விரலே வைக்க விடாமல், வெறும் ‘சி’ தந்தியை மட்டும் தினமும் அரை மணி நேரம் இழுக்க வைத்தார். இசைத்தாளும் வேறு: எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறியீடு வயோலாவுக்கு ஆல்ட்டோ கிளெஃப், வயலினுக்கு உள்ளது அல்ல. பத்து வருடமாகப் பழகிய கண், ஒவ்வொரு கோட்டிலும் பழைய சுரத்தையே பார்க்கும். அந்தப் பழக்கம் மறைய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

போட்டி குறைவு என்பதும் சரியில்லை. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் 30 பேர் இருந்தால் வயோலாவுக்கு 12 நாற்காலிதான். ஒருவர் ஓய்வுபெற்றால்தான் ஓரிடம் காலியாகும். ஆடிஷனில், அதாவது ஆளெடுக்கும் தேர்வில், முதலில் ஹாஃப்மைஸ்டர் அல்லது ஸ்டாமிட்ஸ் எழுதிய கான்செர்ட்டோ (தனிக் கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கேட்பார்கள். அடுத்த சுற்றுகளில் பார்டோக், வால்டன், ஹிண்டெமித் எழுதியவை என்று போகும். இவற்றைவிட ஆளைக் கவிழ்ப்பவை ஆர்கெஸ்ட்ராப் பகுதிகள்தான். மெண்டல்சன் ‘ஒரு கோடை இரவுக் கனவு’க்கு எழுதிய ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான பகுதி, ஸ்ட்ராஸின் ‘டான் ஹுவான்’ இரண்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். பல இடங்களில் தேர்வாளர்களுக்கும் வாசிப்பவருக்கும் நடுவே திரை போட்டிருப்பார்கள். காலடிச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளமும் விரித்திருப்பார்கள். நான் தேறியது ஐந்தாவது ஆடிஷனில். அதற்குப் பிறகும் ஒரு வருடம் தகுதிகாண் பருவம்.

இத்தனை பாடுபட்டு உள்ளே போனால் மெட்டு பெரும்பாலும் வயலினுக்குத்தான் போகும், அது உண்மை. நமக்கு நடுக்குரல். ஆனால் ஒரு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, மேஜர் வகையா மைனர் வகையா என்று தீர்மானிக்கும் சுரம் எத்தனையோ இடங்களில் வயோலாவின் கையில்தான் இருக்கிறது. அதை ஒரு நூல் தாழ்த்திப் பிடித்தாலும் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சுருதி பிசகியதுபோலக் கேட்கும். செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக் 1862 முதல் 1871 வரை பிராகா நகரின் நாடக அரங்க ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்துத்தான் பிழைத்தார். இசை உள்ளுக்குள் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் கேட்டிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இசையமைப்பாளர் மாலரின் பத்தாவது சிம்பொனி வயோலாக்கள் மட்டும் தனித்து வாசிப்பதில்தான் தொடங்குகிறது. கீழே செல்லோ இல்லை, மேலே வயலின் இல்லை, ஒண்டிக்கொள்ள ஓர் ஒலியும் இல்லை. முதல் தடவை வாசித்தபோது பக்கத்து ஸ்டாண்டில் இருந்தவர் மூச்சு இழுத்தது என் காதில் விழுந்தது. அந்த மூச்சில்தான் எல்லோரும் வில்லை வைத்தோம்.

கட்டுரை தொடாத விஷயம் உடம்பு. இடது கையை நீட்டி, வெளிப்பக்கமாகத் திருப்பி, நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். கழுத்து வலி, தோள்பட்டை வலி இல்லாத சக கலைஞரை நான் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய இழப்பு காது. மேடையமைப்பைப் பொறுத்து, வயோலாக்காரர்களின் முதுகுக்குப் பின்னாலேயே ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் வந்துவிடும். லண்டன் ராயல் ஆபெரா ஹவுஸில் 2012இல் வாக்னரின் ‘டி வால்க்யூரே’ என்ற இசைநாடகத்தின் ஒத்திகையின்போது பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயோலாக் கலைஞரின் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நான் அழுதேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஒத்திகை முடிந்து வீடு திரும்பியபோது என் வலக்காதில் தொடங்கிய ரீங்காரம் இன்னும் நிற்கவில்லை. பின்வரிசைக்கு முன்னால் ஒலித்தடுப்புப் பலகை வையுங்கள் என்று நிர்வாகத்திடம் மூன்று முறை எழுதிக் கேட்டேன். காதடைப்பான் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு வாசித்தால் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது மங்கிப்போய், நம் கருவியின் அதிர்வு மட்டும் தாடை எலும்பு வழியாகத் தலைக்குள் கொட்டும். அடுத்தவரைக் கேட்டு ஒட்டிப்போவதே வேலையாக இருக்கும்போது அதை எப்படி மாட்டிக்கொள்வது? முக்கால்வாசி நேரம் கழற்றித்தான் வைத்திருந்தேன்.

இவ்வளவு தெரிந்தபிறகும் வயோலாதான் வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், தாராளமாக வரட்டும், மனம் நிறைந்து வரவேற்பேன். கட்டுரையின் அந்த வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். இசை மாணவர்கள் செவிப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்க வேண்டும் என்று ஒரு காது மருத்துவரிடம் கேட்டு அதோடு சேர்த்துப் போட்டால் நிறையப் பெற்றோருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயோலாக் கலைஞர்