சூரியப் புயலும் முத்தோரைத் தொலைநோக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரியப் புயல் பற்றி எழுதும்போதெல்லாம் 'பூமிக்கு ஆபத்து' என்ற தலைப்பே முந்திக்கொள்கிறது. சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடங்களில் நம்மை எட்டிவிடும். அதனுடன் சில வேளைகளில் கிளம்பும், மின்னூட்டத் துகள்களாலான பிளாஸ்மா மேகமோ வந்துசேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். இந்த வேறுபாட்டைக்கூடப் பல செய்திகள் சொல்வதில்லை.

தரையில் வாழும் நம் உடலுக்கு வளிமண்டலமும் புவியின் காந்தப்புலமும் காப்பாக உள்ளன. அக்காப்பைத் தாண்டிச் செல்வோருக்கே கதிர்வீச்சு பேரிடர். 1972 ஆகஸ்டில், அப்போலோ 16, 17 ஆகிய நிலவுப் பயணங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த பெரும் வெடிப்பின்போது நிலவில் எவரும் இல்லாதது வெறும் தற்செயலே. கோள் முழுவதையும் சூழும் காந்தப்புலம் இல்லாத, காற்றும் மிக மெலிந்த செவ்வாய்க்கு மனிதரை அனுப்ப விரும்புவோர் இதனை மறக்க இயலாது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை வீழ்ந்ததற்கு, மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி விரியச் செய்த புவியின் காந்தப்புலத்தைக் குலைக்கும் ஓர் எளிய காந்தப் புயலே போதுமானதாக இருந்தது.

உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவை ஒட்டி 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கி (அது தொலைநோக்கி என்பதே கடந்து செல்லும் பலருக்குத் தெரியாது), விண்வெளியின் தொலைதூர ரேடியோ மூலங்களின் மினுக்கத்தை அளந்து, அம்மினுக்கத்துக்குக் காரணமான சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் துகள் ஓட்டத்தின்) வேகத்தைக் கணிக்க உதவுகிறது. காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியிலிருந்து வரும் உயராற்றல் துகள்கள்) காற்றில் மோதும்போது உருவாகும் மியுவான் துகள்களை அளக்கும், உதகையிலுள்ள கிரேப்ஸ்-3 கருவியோ 2015 ஜூன் 22 அன்று வந்த புயலின்போது காஸ்மிக் கதிர்களின் திடீர் உயர்வைப் பதிவு செய்தது. அடுத்த முறை இத்தகைய செய்தியை வெளியிடுமுன், தங்கள் நிருபர் இங்குள்ள ஆய்வாளர்களிடமும் விளக்கம் பெற வேண்டுகிறேன்.

வாசகர், உதகமண்டலம்