சாட்சி முடியும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டுமா?

தமிழ்நாட்டின் குழந்தைகள் நலக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்குகளில், பிள்ளைக்கு வழக்கு நெடுகத் துணையாக இருக்கும் ஆதரவு நபராக ஆறு வருடங்களாக இருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த மடல். வழக்கில் இருக்கும் பிள்ளைக்கு மனநலச் சிகிச்சையை, கோர்ட்டில் சாட்சி சொல்லி முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பதினோரு வயதுப் பையன் ஒருவனோடு வந்துபோய்க்கொண்டிருந்தேன். தெருவில் யாராவது கடை ஷட்டரை இழுத்தால் போதும், இரண்டு கையும் காதுக்குப் போய்விடும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்குப் பேச்சே இருக்காது. வகுப்பில் புத்தகப் பையை மடியை விட்டு இறக்க மாட்டான். அதற்காக வாத்தியாரிடம் தினமும் திட்டு வாங்கினான். ராத்திரியில் பாய் நனைந்துவிடும். அவன் அம்மா தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டிவந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனக்குத் தெரிந்த வைத்தியத்தை அவர் செய்தார், நாங்கள் எதையுமே செய்யவில்லை.

சிகிச்சைக்கு எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்ட இடத்தில் கிடைத்த பதில் இது: "முதல்ல சாட்சி முடியட்டும் மேடம். இப்பக் கவுன்சிலிங் குடுத்தா, சொல்லிக் குடுத்த சாட்சின்னு எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும்."

அந்தப் பயம் பொய்யில்லை. குறுக்கு விசாரணையில் அப்படிக் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு வழி, சிகிச்சையாளர் நடந்ததைப் பற்றித் தானாக எதையும் எடுத்துக் கொடுக்காமல் இருப்பதும், ஒவ்வொரு சந்திப்பையும் முறையாகக் குறித்து வைப்பதும்தான். பிள்ளையைக் காக்க வைப்பது எப்படி வழியாகும்? பிள்ளையின் சாட்சியத்தை 30 நாளுக்குள்ளும் வழக்கைக் கூடியவரை ஒரு வருடத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்கிறது. வாய்தா மேல் வாய்தா ஓடுவது உங்களுக்கும் தெரியும். சீருடையைப் பார்த்தால் பிள்ளை மிரளும் என்று, போலீசையே சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்கச் சொன்ன சட்டம் இது. விசாரணைக்கு முன்பும் விசாரணையின்போதும் பிள்ளைக்கு மனநல நிபுணர்களின் உதவியைச் சேர்ப்பதைப் பற்றி 39ஆவது பிரிவே பேசுகிறது. இங்கிலாந்தில் அரசு வழக்கறிஞர்களுக்கு 2022இல் வந்த வழிகாட்டுதலும், வழக்குக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்றே சொல்கிறது.

கவுன்சிலிங் என்று நம் பக்கத்தில் நடப்பது பல நேரம் புத்திமதிதான். ஒருநாள் உட்கார வைத்து, "இனிமே தனியாப் போகாத, எல்லாத்தையும் மறந்துட்டு நல்லாப் படி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தப்பு தன் பேரில்தான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ள அது ஒன்றே போதும். நான் கேட்பது அது இல்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே வகுத்த, உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் 12 முதல் 16 சந்திப்புகள். முதலில் பயம் வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குப் புரியவைப்பார்கள், மூச்சை நிதானப்படுத்தப் பழக்குவார்கள். நடந்ததைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான், அதுவும் பிள்ளை தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. அம்மாவோ பாட்டியோ, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறாரோ அவருக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தப் பையனுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் அது கிடைத்தது. ஐந்தாவது சந்திப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். எதிர்க்கடையில் ஷட்டரை இறக்கினார்கள். கை காதுக்குப் போனது. போன கையை அவனே இறக்கி, "ஷட்டர்தான்க்கா" என்றான்.

அந்த எட்டு மாதத்தை மற்றப் பிள்ளைகளுக்காவது மிச்சப்படுத்துங்கள். ஆதரவு நபரை நியமிக்கும் அதே உத்தரவில், எந்தச் சிகிச்சையாளர், முதல் சந்திப்பு எந்தத் தேதி என்பதையும் எழுதிவிடுங்கள். பஸ் காசு இல்லாமல் பாதியில் நின்றுபோன பிள்ளைகள் நிறைய. கூலி வேலையை விட்டுவிட்டு அம்மா வாராவாரம் வர வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின் 8ஆவது விதிப்படி, உணவு, உடை, போக்குவரத்துச் செலவுக்கு உடனடி நிவாரணம் தரும்படி நீங்கள் பரிந்துரைக்கலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். அடுத்த அமர்வில் உங்கள் முன்னால் வரும் பிள்ளைக்கே அதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆதரவு நபர்