நேர்காணலுக்கு முந்தைய இரவே முடிவாகிவிடும் பெயர்

நம் கல்வி நிலையங்களிலும் அறக்கட்டளைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் சகோதரர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹலாலான சம்பாத்தியம் பற்றி ஜும்ஆ மேடைகளில் நிறையவே கேட்டிருக்கிறோம். வட்டி, லஞ்சம், அளவையில் மோசடி. பெரும்பாலும் சம்பாதிக்கிறவனைப் பார்த்தே அந்தப் பேச்சு வரும். வேலை கொடுக்கிற கை சுத்தமாக இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு நேர்காணல் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வந்தவர்கள் பதினொரு பேர். யாருக்கு வேலை என்பது முந்தைய இரவே முடிவாகியிருந்தது: நிர்வாகி ஒருவரின் மைத்துனர். மற்ற பத்துப் பேரிடமும் சிரித்த முகத்தோடு கேள்வி கேட்டோம், சான்றிதழ்களைப் புரட்டினோம், "தகவல் சொல்லி அனுப்புகிறோம்" என்றோம். சொல்லி அனுப்பவில்லை. அன்று நானும் வாய் திறக்கவில்லை.

"அமானிதங்களை (நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றை) அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படையுங்கள்" என்ற குர்ஆனின் 4:58 வசனத்தை, நம்பிக் கொடுத்துவைத்த பணத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அமானிதம் பாழாவது எப்படி என்று கேட்கப்பட்டபோது, தகுதியில்லாதவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுவதைத்தான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி யார் என்று நினைத்துப் பாருங்கள். பனூ தீல் குலத்தவர்; அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்று வரலாற்று நூல்கள் பெயர் சொல்கின்றன. அப்போது அவர், நபியை எதிர்த்த மக்கத்துக் குறைஷிகளின் மதத்தில்தான் இருந்தார். ஆனாலும் பயணத்துக்கான இரண்டு ஒட்டகங்களையும் அவர் கையிலேயே கொடுத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இடையில், நபியைப் பிடித்துக் கொடுப்பவருக்கு ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷிகள் அறிவித்தார்கள். அப்படியும் சொன்னபடி வந்தார், கடலோரப் பாதையில் அழைத்துப் போனார். உறவு இல்லை, மார்க்கமும் ஒன்றில்லை. வழி தெரிந்தவர், வாக்குத் தவறாதவர். அவ்வளவுதான் பார்த்தார்கள்.

மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் சொன்ன அந்தப் பெண்ணும் இரண்டே தகுதிகளைத்தான் சொன்னார்: வலிமை, நம்பகம் (28:26). நாம் "நம்ம ஆளா?" என்று மூன்றாவது ஒன்றைச் சேர்த்து, அதையே முதலில் கேட்கிறோம்.

அதற்கடுத்த வசனத்தையும் படியுங்கள். அந்தத் தந்தை மூஸாவிடம் சொல்கிறார்: எட்டு ஆண்டு வேலை; பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம்; உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை. முதலாளி பேசுகிற பேச்சு இது! காலம் எவ்வளவு, கட்டாயம் எது, விருப்பம் எது, எல்லாம் முதல் நாளே தெளிவாகிவிட்டது. கூலியோ வேலையோ தெளிவில்லாத ஒப்பந்தம் பழுதானது என்று ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் எழுதியிருப்பதும் இதனால்தான். நம்மிடமோ "சம்பளம் அப்புறம் பார்த்துக்கலாம்." இமாமிடமும் மத்ரஸா உஸ்தாதிடமும் இன்னொரு வார்த்தை கூடுதலாக வரும்: "கித்மத்தாக (சேவையாக) நினைத்துச் செய்யுங்கள் ஹஜ்ரத்." கித்மத் செய்வதா வேண்டாமா என்பதை அவரல்லவா முடிவு செய்ய வேண்டும்? அடுத்தவர் வயிற்றில் நாம் கித்மத் செய்ய முடியாது.

மறுமையில் தானே எதிர்த்து வழக்காடப்போவதாக அல்லாஹ் சொன்ன மூவரில் ஒருவர், ஆளிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவரோடு அவரைச் சேர்த்து நிறுத்துகிறது அந்த ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ் சொன்னதாக நபி அறிவித்த செய்தி). விலகிப்போகிறவரின் கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும்போது இது நினைவுக்கு வரட்டும்.

வேலைக்கு வாங்கும் 'நன்கொடை' பற்றியும் ஒரு வார்த்தை. ஸகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா திரும்பிவந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்றார். தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள் நபி (ஸல்). நன்கொடை ரசீதைக் கிழிக்குமுன் நீங்களும் கேட்டுப் பாருங்கள்: காலியிடம் இல்லாதிருந்தால் இவர் இந்தத் தொகையைத் தந்திருப்பாரா?

அனுபவச் சான்றிதழைப் பொய்யாகத் தயாரித்து வருகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அது தனிக் குற்றம். நம் குற்றத்துக்கு அதைத் திரையாக்க வேண்டாம்.

அடுத்த காலியிடம் வரும்போது சம்பளத்தை அறிவிப்பிலேயே எழுதுங்கள். விண்ணப்பித்தவர் உங்கள் உறவினர் என்றால் குழுவிலிருந்து எழுந்துகொள்ளுங்கள். தேர்வாகாதவருக்கும் முடிவைச் சொல்லுங்கள்; இல்லை என்ற பதில் தெரிந்தால் அவர் வேறு இடம் தேடுவார்.

அந்தப் பத்துப் பேரின் விண்ணப்பங்களை அலுவலகத்தில் தேடி எடுத்துவிட்டேன். தொலைபேசி எண்கள் அதில் இருக்கின்றன. இன்று மாலை முதலாமவரை அழைக்கப் போகிறேன்.

வஸ்ஸலாம்.